நாளை மறுநாள் நர்சிங் அசிஸ்டெண்ட் இண்டர்வியூ, கை கால் ஓடவில்லை

படவேட்டுப் பெண் | திங்கள், இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருட நர்சிங் அசிஸ்டெண்ட் கோர்ஸ் படித்திருக்கிறேன். ஊர் போளூர் பக்கம். வேலூரில் 80 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இண்டர்வியூ என்று இதற்கு முன் யாரும் போனதில்லை, கேட்க ஆள் இல்லை.

கோர்ஸில் மூன்று மாதம் பிராக்டிகல் என்றார்கள். போனோம். பாதி நாள் பில் கவுண்டருக்கு ஃபைல் தூக்கியும் லேபுக்கு சாம்பிள் கொண்டுபோயுமே கழிந்தது. பெட் போடுவேன். பிபி பார்ப்பேன், ஆனால் சத்தம் எனக்கு எப்போதும் தெளிவாகக் கேட்பதில்லை. இங்கிலீஷ் சுத்தமாக வராது. பக்கத்து வீட்டு அண்ணன் என்னைப் பற்றி இங்கிலீஷில் எட்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறேன்.

என்ன கேட்பார்கள்? எதைப் படித்துவிட்டுப் போகட்டும்?

நைட்டு டியூட்டி | திங்கள், இரவு 9:35

தங்கச்சி, முதலில் அந்த எட்டு வரியைக் கிழித்துப் போடு.

17 வருடமாக வார்டில் இருக்கிறேன், கடைசி 6 வருடம் இன்சார்ஜ். இண்டர்வியூவில் சூப்பரிண்டெண்ட் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து நிறைய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அசிஸ்டெண்ட் வேலைக்கு வருகிறவளிடம் யாரும் இங்கிலீஷ் பேச்சுப்போட்டி வைப்பதில்லை. தமிழிலேயே பேசு. பேர், ஊர், என்ன படித்தாய், பிராக்டிகலில் எந்த வார்டு, வீட்டில் படுக்கையில் கிடந்த யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கிறாயா. கடைசிக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. வார்டில் ஓடும் இங்கிலீஷ் வேறு, அது தெரிந்திருக்க வேண்டும். என்பிஓ என்றால் வாய்வழியாக ஒன்றும் தரக்கூடாது. ஐஓ சார்ட் என்றால் உடம்புக்குள் போன திரவத்துக்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு. ஸ்டாட் என்றால் இப்போதே.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். பெட்பான் வைப்பாயா, மோஷன் துடைத்துவிடுவாயா? "செய்வேன் மேடம்" என்று எல்லோரும் சொல்வார்கள், நாங்கள் முகத்தைத்தான் பார்ப்போம். செய்வேன் என்பதோடு நிற்காமல் எப்படிச் செய்வாய் என்று சொல்லு. ஸ்கிரீனை இழுத்துவிடுவேன். ஸ்டீல் பெட்பான் ஜில்லென்று இருக்கும், வெந்நீர் ஊற்றித் துடைத்துக்கொள்வேன். இடுப்பைத் தூக்க முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெட்பானை ஒட்டி வைத்து, மறுபடி மல்லாத்துவேன். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, காலிங் பெல் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கிரீனுக்கு வெளியே நிற்பேன். எடுத்த பிறகு, கொட்டுவதற்கு முன் பார்ப்பேன். கருப்பாகவோ ரத்தம் கலந்தோ இருந்தால் கொட்டாமல் சிஸ்டரைக் கூப்பிடுவேன்.

இந்தக் கடைசி வரியைச் சொன்ன பிள்ளையை நான் விட்டதே இல்லை.

வார்டு 7 | திங்கள், இரவு 10:10

அக்கா சொன்னதோடு நம்பர்களும் நாக்கு நுனியில் இருக்கட்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, பிபி 120/80, டெம்பரேச்சர் 98.6, ஆக்சிஜன் 95க்கு மேல். பெரியவர்களுக்கு இது. குழந்தைக்கு வேறு என்று சொன்னாலே பாதி மார்க்.

மூச்சு எண்ணுவது எப்படி என்று என்னிடம் கேட்டார்கள். "மூச்சு எண்ணப்போகிறேன்" என்று பேஷண்ட்டிடம் சொன்னால் அவர் மூச்சையே மாற்றிவிடுவார். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பது மாதிரியே இருந்துகொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இதைச் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

படவேட்டுப் பெண் | திங்கள், இரவு 10:22

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. அப்பாயி ஒன்றரை வருடம் பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார், நான்தான் பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லலாமா? அது வேலை அனுபவம் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

நைட்டு டியூட்டி | திங்கள், இரவு 10:30

சொல்லலாமாவா! அப்பாயிக்குப் படுக்கைப்புண் வந்ததா?

படவேட்டுப் பெண் | திங்கள், இரவு 10:34

முதலில் இடுப்புக்குக் கீழே சிவந்தது. ஊருக்கு வரும் நர்சம்மா இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொன்னார். வீட்டுச் சுவரில் கரியால் நேரம் எழுதி வைத்துத் திருப்பினோம். அப்புறம் வரவில்லை.

நைட்டு டியூட்டி | திங்கள், இரவு 10:36

புதன்கிழமை இதை அப்படியே சொல். கரியையும் விடாதே.

வெட்டொன்று | திங்கள், இரவு 11:15

எல்லோரும் பாட்டுப் பாடுகிறீர்கள், அந்தப் பெண்ணிடம் உண்மையை யாராவது சொல்லுங்கள். இந்தியன் நர்சிங் கவுன்சில் அங்கீகரிப்பது ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் போன்ற படிப்புகளைத்தான். இந்த ஒரு வருட அசிஸ்டெண்ட் சர்டிபிகேட்டை வைத்துத் தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. சேர்க்கும்போது "நர்ஸ் ஆகலாம்" என்று சொல்லித்தான் பணம் வாங்கியிருப்பார்கள். என் தங்கை அப்படித்தான் ஏமாந்தாள். உள்ளே போனால் துடைப்பத்திலிருந்து ஊசி வரை எல்லா வேலையும் இவர்கள் தலையில்தான்.

படவேட்டுப் பெண் | திங்கள், இரவு 11:20

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள் அண்ணா. சேர்ந்து நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது பீஸ் கட்டியாகிவிட்டது.

ஹெச்ஆர் மேசை | செவ்வாய், காலை 7:05

வெட்டொன்று சொன்னதில் பதிவு விஷயம் சரி. அதற்காக வேலையே இல்லை என்று ஆகிவிடாது. ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்ற பெயரில் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களிலேயே இதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் போடுவது, நடக்க வைப்பது, வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, பிபி, டெம்பரேச்சர்) பார்ப்பது, பெட் போடுவது, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோவது என்று வேலை தெளிவாக இருக்கிறது. இண்டர்வியூவில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "நான் நர்ஸ்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பயோடேட்டாவிலும் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று போடாதீர்கள். நெட் சென்டரில் பழைய ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள், அதில் இப்படி வந்துவிடும். வாங்கியதும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். மேசைக்கு வந்த ஒரு பயோடேட்டாவில் 20 வயதுப் பெண்ணுக்கு 11 வருட அனுபவம் இருந்தது.

வார்டு 7 | செவ்வாய், காலை 7:40

ஊசி என்றதும் என் கதை. முதல் இண்டர்வியூ. "ஊசி போடத் தெரியுமா தம்பி?" என்றார்கள். தெரியும் என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து "ஐவி கூடப் போடுவேன் மேடம்" என்றேன். எங்கே கற்றாய், யார் போடச் சொன்னார்கள், எத்தனை பேருக்குப் போட்டாய் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒரே ஒரு முறை தலையணையில் குத்தியதுதான் உண்மை. ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

வெட்டொன்று | செவ்வாய், காலை 8:02

அது பெரிய ஆஸ்பத்திரி. என் தங்கை போன நர்சிங் ஹோமில் அதே கேள்விக்கு "எனக்கு அனுமதி இல்லை" என்று சொன்னாள். "அப்போ உன்னை வைத்து நான் என்ன செய்வது" என்று அனுப்பிவிட்டார்கள். நேர் எதிரான இரண்டு பதில், இரண்டு இடத்திலும் ஒரே முடிவு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நைட்டு டியூட்டி | செவ்வாய், காலை 8:30

டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டொன்று தம்பி சொல்வது நடக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு சிஸ்டரை வைத்து 20 பெட்டை ஓட்டுகிற இடங்களில் அசிஸ்டெண்ட்தான் ஊசி போடுகிறாள். ஒன்றும் ஆகாதவரை கெட்டிக்காரி என்பார்கள். மருந்து மாறி ஒரு பேஷண்ட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்குத்தான் "நீ யார் ஊசி போட?" என்ற கேள்வி வரும். கேட்பதும் அதே முதலாளிதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒரு பிள்ளை அழுதுகொண்டே பெட்டியைக் கட்டியதைப் பார்த்தேன். மருந்தை எடுத்துக் கொடுத்த சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. நானும் அப்போது ஜூனியர், நானும் திறக்கவில்லை.

அதனால் உன் தங்கைக்கு அந்த வேலை கிடைக்காததை நான் நஷ்டமாகப் பார்க்கமாட்டேன். கையில் காசில்லாத வீட்டில் இதைச் சொல்வது சுலபமில்லை, அதுவும் தெரியும்.

படவேட்டுப் பெண்ணே, கேட்டால் "எனக்குப் பயிற்சியும் இல்லை, அனுமதியும் இல்லை மேடம். சிஸ்டர் போடும்போது பேஷண்ட்டைப் பிடித்துக்கொள்வேன், டிரே எடுத்து வைப்பேன்" என்று சொல்லு. வெறுமனே முடியாது என்பதை விட இது மேல். டிரிப்ஸ் தீர்ந்துபோனால் நீ மாற்றுவாயா என்றும் கேட்பார்கள். மாற்றமாட்டாய். தீரப்போகிறது என்று முன்கூட்டியே சிஸ்டரிடம் சொல்வாய்.

கைகழுவு | செவ்வாய், காலை 10:15

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் பக்கத்திலிருந்து கொஞ்சம். பிராக்டிகல் வைத்தால் பேஷண்ட்டைத் தொடுவதற்கு முன் கையைச் சுத்தம் செய்தாயா என்பதைத்தான் முதலில் குறிப்பார்கள். மேசையில் சானிடைசர் பாட்டில் சும்மா வைத்த மாதிரி இருக்கும், சும்மா வைத்திருக்க மாட்டார்கள். சோப்பு போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டுக் கட்டைவிரலையும் நகக்கண்ணையும் விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

குப்பைக் கலர் கேட்பார்கள். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில். டிரிப்ஸ் டியூப், யூரின் பேக், கிளவுஸ் மாதிரியான பிளாஸ்டிக் சிவப்பில். ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில். கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்தில். ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது. யாரோ பெட்டில் விட்டுப்போன ஊசி உன் கையில் குத்திவிட்டால்? பிதுக்காதே, வாயில் வைக்காதே, சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவு, உடனே இன்சார்ஜிடம் சொல்லு. எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணிநேரம் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்களோ என்று மறைக்கிற பிள்ளைகள்தான் எனக்குப் பயம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாயா? மூன்று டோஸ், முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் கடைசி. போடவில்லை என்றால் நீயே கேள், "இங்கே போட்டுவிடுவீர்களா?" என்று.

நகம் வெட்டு, மருதாணி இருந்தால் பரவாயில்லை, நெயில் பாலிஷ் வேண்டாம், கண்ணாடி வளையல் வேண்டாம், கையில் கயிறு வேண்டாம்.

படவேட்டுப் பெண் | செவ்வாய், மதியம் 1:40

கயிறா? ரேணுகாம்பாள் கோயிலில் அம்மா கட்டிவிட்டது. ஆடியில் கட்டியது, இண்டர்வியூ முடியும் வரை அவிழ்க்கக்கூடாது என்று வேண்டுதல்.

கைகழுவு | செவ்வாய், மதியம் 1:52

ஆடியிலிருந்து நனைந்து நனைந்து அந்தக் கயிற்றில் என்னென்ன குடியிருக்கிறதோ! அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவிழ்த்துப் பர்ஸில் வைத்துக்கொள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை என்றால் கழுத்தில், சுடிதாருக்கு உள்ளே.

பெட் 12 மருமகள் | செவ்வாய், மாலை 4:20

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. போன வருடம் மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன், 11 நாள் அட்டெண்டராக இருந்தேன். டாக்டர் ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் வருவார், சிஸ்டர் மருந்துக்கு வருவார், மிச்ச நேரமெல்லாம் அசிஸ்டெண்ட் பெண்தான். இரண்டு பெண்கள் மாறி மாறி வந்தார்கள். ஒருத்தி மாமியாரை "ஏ கிழவி, திரும்பு" என்பாள். இன்னொருத்தி "அம்மா, இடது பக்கம் திரும்பப்போறோம், வலிக்கும், என் தோளைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். இரண்டாவது பெண் டியூட்டிக்கு வரும் நேரத்துக்காக மாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிஸ்சார்ஜ் அன்று 200 ரூபாய் கொடுத்தேன், வாங்கவில்லை. முதல் பெண் கேட்டே வாங்கிக்கொண்டாள்.

ஹெச்ஆர் மேசை | செவ்வாய், மாலை 5:00

அந்த 200 ரூபாய் இண்டர்வியூவில் வரும். "பேஷண்ட் வீட்டார் காசு கொடுத்தால்?" வாங்கமாட்டேன், வற்புறுத்தினால் இன்சார்ஜிடம் சொல்லிவிடுவேன் என்பது போதும். தியாகி மாதிரி நீட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை சில. கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள், பெரும்பாலான பிள்ளைகள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். சம்பளத்தில் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பிஎஃப்புக்கு 12 சதவீதம், இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் பிடிப்பது சரியான பிடித்தம், அது உங்களுக்கே பயன்படும். ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம் என்று பிடிப்பதுதான் சம்பளத்தைக் கரைக்கும். ஷிஃப்ட் எத்தனை மணிநேரம், மாதத்தில் எத்தனை நைட், வார விடுமுறை உண்டா.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் இரண்டு செட், சுய கையெழுத்துடன். நானே ஹெச்ஆரில் இருந்துகொண்டு சொல்கிறேன், ஒரிஜினலை வாங்கிப் பூட்டிவைப்பது ஆள் ஓடிவிடாமல் இருக்கத்தான். நான் முன்பிருந்த இடத்தில் அந்தப் பீரோவின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஏஎன்எம் சேரப் போகிறேன் என்று ஒரு பெண் டிசி கேட்டு மூன்று முறை வந்தாள்.

வீட்டு கேர் | செவ்வாய், இரவு 9:10

தாமதமாக வந்தேன். மூன்று கேள்வி, எனக்கு வந்தவை. டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு எந்தக் கையில் பிபி பார்ப்பாய்? ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்தது) போட்ட கையில் பார்க்கக்கூடாது, மறு கையில். யூரின் பேக் உள்ளவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது பேக்கை எங்கே வைப்பாய்? வயிற்றின் மேல் வைத்தால் மூத்திரம் திரும்ப உள்ளே போகும், எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடுவது எப்படி? வராத கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது கடைசியில்.

படவேட்டுப் பெண் | செவ்வாய், இரவு 9:25

மூன்றாவது எனக்குத் தெரியும் அக்கா! அப்பாயிக்கு ஜாக்கெட் அப்படித்தான் போடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை, அப்படித்தான் நுழைந்தது.

நாளை காலை 6:30 பஸ். கயிறு பர்ஸில் இருக்கிறது.

படவேட்டுப் பெண் | புதன், மாலை 6:40

வந்துவிட்டேன். முழுக்கச் சொல்கிறேன்.

ஏழு பேர் வந்திருந்தோம், நான் நாலாவது. உள்ளே சூப்பரிண்டெண்ட் மேடமும் ஹெச்ஆர் சாரும். சார் "டெல் மீ" என்று தொடங்கினார், "தமிழில் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டேன், சரி என்றார். அப்பாயி கதையைச் சொன்னேன். சுவரில் கரி என்றதும் மேடம் சிரித்துவிட்டார். எந்தெந்த இடத்தில் புண் வரும் என்று கேட்டார். இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை என்று என் உடம்பிலேயே தொட்டுக் காட்டினேன்.

அப்புறம் மேடமே நாற்காலியில் உட்கார்ந்து "நான்தான் பேஷண்ட், பிபி பார்" என்றார். சானிடைசர் பாட்டில் மேசை ஓரத்தில் இருந்தது! தேய்த்துக்கொண்டு, பேர் கேட்டு, பிபி பார்க்கப்போகிறேன் என்று சொல்லி, டயாலிசிஸ் செய்துகொள்கிறீர்களா என்றும் கேட்டேன். (கேட்டது அதிகப்பிரசங்கித்தனமோ தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.) கஃப் சுற்றி, ஸ்டெத் வைத்து, காற்றை இறக்கினேன். ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி ஏற்றி இறக்கினேன். ஒன்றுமில்லை. கை வேர்த்துவிட்டது. 120/80 என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, மறைக்கவில்லை. "மேடம், எனக்குச் சத்தம் கேட்கவில்லை, வேறு ஸ்டெத் இருக்கிறதா?" என்றேன்.

மேடம் ஸ்டெத்தின் தலையைப் பிடித்து டக்கென்று ஒரு சுற்றுச் சுற்றினார். "இப்போ பார்." கேட்டது! 134/84. தட்டைப் பக்கம் மூடியிருக்கும்படி வேண்டுமென்றே திருப்பி வைத்திருந்திருக்கிறார். எனக்கு முன்னால் போன மூன்று பேரில் இரண்டு பேர் 120/80 என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

தப்பும் செய்தேன். வீல்சேரில் ஏற்றிக் காட்டச் சொன்னார்கள், பிரேக் போட மறந்துவிட்டேன். சேர் பின்னால் நகர்ந்தது, சார் பிடித்தார். அழுகை வந்துவிட்டது. மேடம் "வார்டில் இது நடந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார். விழுந்தவரை உடனே தூக்காமல் கூடவே இருந்து சிஸ்டரைக் கூப்பிடுவேன் என்றேன். "விழாமல் பிரேக் போடு" என்றார்.

திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் டிரெயினிங், பிறகு நிரந்தரம் பற்றிச் சொல்வார்களாம். முதல் வாரமே இரண்டு நைட். ஒரிஜினல் கேட்டார்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி கேட்டேன். ஹெச்ஆர் சார் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் தந்துவிட்டார்.

வெட்டொன்று | புதன், மாலை 6:58

வாழ்த்து. ஊசி கேட்டார்களா?

படவேட்டுப் பெண் | புதன், இரவு 7:03

கேட்டார்கள் அண்ணா. அக்கா சொன்னதையே சொன்னேன். மேடம் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

நைட்டு டியூட்டி | புதன், இரவு 7:30

அந்த ஸ்டெத் வேலையை நானும் ஒருநாள் செய்யப்போகிறேன்.

திங்களுக்குள் ஒரு செருப்பு வாங்கிக்கொள். ரப்பர் அடி, குதிகாலில் பட்டை உள்ளது, சத்தம் வராதது. நைட்டில் டக் டக் என்று நடந்தால் அப்போதுதான் கண் அசந்த பேஷண்ட்டெல்லாம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். அதில் ஒருத்தர் கட்டாயம் என்பிஓவில் இருப்பார்.